இரண்டு மடங்குப் பெட்டி

கொய்னாப் பக்கம் பூமி குலுங்கி, விடியும் முன்னே பம்பாயே பாயைச் சுருட்டாமல் தெருவுக்கு ஓடி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எங்கே இருக்கும், நீங்கள் பிறந்திருக்கவே மாட்டீர்கள். தாராவியில் எங்கள் சந்தில் எல்லோரும் வெளியே நின்றோம். அம்மா மட்டும் உள்ளே நின்று, பரண் பலகையில் இருந்த பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வெளிய வாம்மா, செத்துருவ" என்று கத்தினேன். "போல அங்கிட்டு. உன் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேத்தது. ஒண்ணு நசுங்கினா உங்கய்யாவா வந்து நிமுத்துவாரு?" என்றாள். (அய்யா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. இருந்தபோதும் எதையும் நிமிர்த்தியதில்லை.)

அதற்கு அடுத்து வந்த தை மாதம்தான் தங்கை பேச்சியம்மாள் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில்தான் இரண்டு என்பது எட்டு ஆகும் என்று நான் தெரிந்துகொண்டேன். எப்படி ஆகிறது என்பது இன்றுவரை தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. ஆனால் கணக்குத் தெரியாதவன் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். உஸ்மான் பாய் பட்டறையில் டிரங்குப் பெட்டி செய்கிற வேலை. அடிக்கோலைக்கூடத் தொட மாட்டேன். ஒரு கயிறு வைத்திருந்தேன். மாதிரிப் பெட்டியில் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போடுவேன், தகரத்தில் கயிற்றை நீட்டிக் கோடு கிழிப்பேன், வெட்டுவேன். நான் செய்த பெட்டியின் மூடி ஒரு நாளும் முரண்டு பண்ணியதில்லை. அந்தத் திமிர்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

மாப்பிள்ளை மாரியப்பன் மாட்டுங்கா லேபர் கேம்ப். டிராம்பே பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எட்டாம் வகுப்பு படித்தவர், அமைதியானவர். அவருடைய பங்குப் பேச்சையும் சேர்த்து அவர் அம்மா சிவகாமி அத்தை பேசிவிடுவாள். பேச்சு முடிக்கப் போன அன்றைக்கு அத்தை மூலையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினாள். மூத்த மருமகள் கொண்டுவந்த சீர்ப்பெட்டி. மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஓரடி உயரம்.

"இது மூத்தவ பெட்டி. வாரவ பெட்டி இதுக்கு ரெண்டு மடங்கா இருக்கணும். நாலு பேரு பாக்கணும்லா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "அத்தை, பெட்டிக்காரன்கிட்டயே பெட்டி கேக்கியளே! ரெண்டு மடங்குதான? செஞ்சு தாரேன். நீங்க அசந்து போவிய."

அசந்துதான் போனாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் சீர்ப்பெட்டியைப் புகுந்த வீட்டில் ஊர் கூடியிருக்கும்போது திறப்பார்கள். மூடியைத் தூக்கினால் சாமான் விளிம்புவரை நிற்க வேண்டும். குறைப்பெட்டி கொண்டுவந்தவள் என்று பேர் வாங்கினால் பெண் கிழவியாகிற வரைக்கும் அந்தப் பேர் போகாது. எங்கள் சந்திலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். பேரன் எடுத்த பிறகும் "அரைப்பெட்டி" என்றுதான் அவளைச் சொல்வார்கள். பேச்சிக்கு அந்தப் பயம்தான். "அண்ணே, வேற எதுவும் வேண்டாம். பெட்டி மட்டும் நெறஞ்சு இருக்கணும்" என்றாள்.

மறுநாள் கயிற்றை எடுத்தேன். மூத்தவள் பெட்டி அளவில் முடிச்சுப் போட்டு, இரண்டாக நீட்டினேன். நீளம் ஆறடி. அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஆனால் நீளத்தை மட்டும் கூட்டினால் பார்ப்பதற்குச் சவப்பெட்டி மாதிரி இருக்கும் என்று தோன்றியது. மேலும், இரண்டு மடங்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் ஏமாற்று வேலை ஆகாதா? ஆகவே அகலம் மூன்றடி, உயரம் இரண்டடி. எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு. நேர்மைக்கு வந்த கேடு!

முதல் குழப்பம் தகரத்தில் வந்தது. ஒரு பெட்டிக்கு எவ்வளவு பத்ரா (தகரத் தகட்டுக்குப் பம்பாயில் அதுதான் பேர்) ஆகும் என்று என் கைக்கே தெரியும். அதைப்போல இரண்டு பங்கு எடுத்து வைத்தேன். அடித்தட்டு வெட்டினேன், முன்பக்கம் வெட்டினேன், ஒரு ஓரம் வெட்டினேன். தகரம் தீர்ந்துவிட்டது. பின்பக்கமும் இல்லை, மற்ற ஓரமும் இல்லை, மூடியும் இல்லை. தரையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். பாய் சின்னத் தகடாக எடுத்துக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று அவரிடம் மல்லுக்கு நின்றேன்.

பாய் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அரே, இது பேட்டியா, கோலியா? இதுல வாடகைக்கு ஆள் வெப்பியா?"

(பேட்டி என்றால் பெட்டி, கோலி என்றால் ஒற்றை அறை வீடு. அந்தப் பெட்டி எங்கள் கோலியில் பாதி அளவு இருந்தது. அவர் பேச்சில் நியாயம் உண்டு.)

இன்னும் அவ்வளவு தகரம் வாங்கி வேலையை முடித்தேன். இரண்டு மடங்குப் பெட்டிக்கு எதற்கு நான்கு பங்கு தகரம் என்று யோசித்தேன். தலை வலித்தது. பச்சைப் பெயின்ட் அடித்து, மேலே சிவப்பு ரோஜா போடச் சொல்லிவிட்டு யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் பெட்டியை நிரப்ப உட்கார்ந்தோம். அம்மா கெட்டிக்காரி. பெட்டி இரண்டு மடங்கு என்றதும் சாமானும் இரண்டு மடங்கு சேர்த்து வைத்திருந்தாள். சேலை, துப்பட்டி, பூகம்பத்தில் காப்பாற்றிய பாத்திரம் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினாள். அடுக்கி முடித்து நிமிர்ந்தாள். சாமான் ஒரு சாண்கூட ஏறவில்லை. கிணற்றில் கொட்டிய மாதிரி அடியில் கிடந்தது.

"எங்கல போச்சு?" என்றாள் அம்மா.

"என்னது?"

"நான் வச்சதெல்லாம்!"

நான் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். (சிரிக்காதீர்கள். நிஜமாகவே பார்த்தேன்.)

பேச்சி மாலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. "என்னையத் தூக்கி உள்ள வச்சு மூடிருங்க. அப்பவாவது நெறையுதான்னு பாப்போம்" என்றாள்.

பக்கத்து வீட்டு ஞானம்மாள்தான் யோசனை சொன்னாள். "அழாத பேச்சி. அடியில எங்க வீட்டுச் சாமானப் போடுங்க. மேல உங்க சீரை அடுக்குங்க. அவுக மேலாப்புல பாத்துட்டு மூடிருவாவ. ராத்திரி மெதுவா எடுத்துக்கிடலாம்." சந்தே திரண்டது. தலையணை வந்தது, கோணி மூட்டை வந்தது, ஞானம்மாளின் பித்தளைக் குடமும் அண்டாவும் வந்தன. இன்னும் ஓர் ஓரம் பள்ளமாக இருந்தது. என் பட்டறைக் கால்சட்டை இரண்டையும் சுருட்டி அதில் திணித்தேன். அதன்மேல் எங்கள் சாமான். விளிம்புவரை நின்றது! எங்கள் சீர்தான் மேலே பளபளத்தது. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன், யோசனை ஞானம்மாளுடையது என்றாலும்.

கைவண்டியில் ஏற்றி, ஆறு பேர் தள்ளி, சாயங்காலம் லேபர் கேம்ப் போய்ச் சேர்ந்தோம். பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வாசலில் நுழைக்கவே பாதிக் கூட்டம் வேண்டியிருந்தது. அத்தை மூடியைத் தூக்கினாள். கூட்டம் "ஆ" என்றது. அத்தையின் முகம் தாமரை மாதிரி மலர்ந்தது. அதோடு மூடியிருக்கலாம். சந்தோஷத்தில் அவளுக்குக் கை நிற்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சேலை வந்தது. துப்பட்டி வந்தது. நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன்.

பிறகு எண்ணெய்க் கறையோடு ஒரு தலையணை வந்தது. அத்தை நெற்றியைச் சுருக்கினாள். அடுத்தது என் கால்சட்டை. கூட்டத்தில் ஒரு கிழவர், "மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டார். அதற்கடுத்துக் குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

"மாரியப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?"

மாப்பிள்ளை வாங்கிப் பார்த்து, உண்மையைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாதவராகச் சொன்னார். "ஞானம்மாள்."

"எவ அது?"

கூட்டத்தின் நடுவிலிருந்து ஞானம்மாள் பதறினாள். "யம்மா, கொடத்தைக் கீழ போட்டுராதிய! எங்கம்மா எனக்குப் போட்டது!"

அத்தை திரும்பினாள். "முருகேசா!" என்று என்னைக் கூப்பிட்டாள். வாசலைத் தாண்ட எனக்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி. "என்னல இது? நான் ரெண்டு மடங்குதான கேட்டேன்?"

"ரெண்டு மடங்குதான் செஞ்சேன் அத்தை. சத்தியமா! கயித்தை வேணும்னா அளந்து பாருங்க!"

பேச்சி மூலையில் தலைகுனிந்து நின்றாள். "குறைப்பெட்டி" என்று யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார். "பீடி குடிக்கிறவங்க தீப்பெட்டியைக் குடுங்க." எட்டுப் பெட்டி தரையில் சேர்ந்தன. ஒன்றை வைத்தார். "இது மூத்த அண்ணி பெட்டி." நீளத்துக்கு இன்னொன்று வைத்தார், இரண்டு. அகலத்துக்கு இரண்டு வைத்தார், நான்கு. அதன் தலையில் நான்கை ஏற்றினார். "எட்டு. மச்சான் செஞ்சது இது. இதை ரெண்டு பெட்டிச் சாமானை வச்சு எப்படிம்மா நெரப்ப முடியும்? இவங்க குறைச்சுக் கொண்டுவரல. கணக்குதான் பெருத்துப்போச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் பிடிபடவில்லை. "மாப்ளே, அது எட்டுப் பெட்டி. நான் செஞ்சது ஒரு பெட்டிதான?" என்றேன். சிரிப்பில் லேபர் கேம்ப் அதிர்ந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

பேச்சி தலையை நிமிர்த்தினாள். "அத்தை, ரெண்டு கேட்டிய, எட்டு வந்திருக்கு. மிச்சத்தை நெரப்பத்தான் காலம்பூரா இங்க இருக்கப்போறேனே. இன்னைக்கே நெறஞ்சிட்டா எனக்கு இந்த வீட்ல என்ன சோலி?"

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பெட்டி மட்டுமில்ல, வாயையும் எட்டு மடங்காத்தான் அனுப்பியிருக்காவ" என்றாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே குடத்தைத் தூக்கி ஞானம்மாளிடம் நீட்டினாள். மூடியையும் அவளே இறக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குறைப்பெட்டி என்ற பேச்சு எழவில்லை. எழுந்தால் அத்தை விட மாட்டாள்.

பெட்டியை என்ன செய்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? ஆறடி நீளம், மூன்றடி அகலம். மெத்தையைப் போட்டார்கள், கட்டில் ஆகிவிட்டது. பேச்சியின் மூன்று பிள்ளைகளும் அதன்மேல்தான் வளர்ந்தார்கள். செம்பூருக்குக் குடிபோனபோது லாரியில் முதலில் ஏறியது அதுதான். இப்போதும் அந்த வீட்டுக்குப் போனால், பேரன் பேத்திகள் பாதி இந்தியில் கேட்பார்கள். "சாயில சக்கரை டபுளா போடவா? சாதா டபுளா, மாமாவாலா டபுளா?" மாமாவாலா டபுள் என்றால் மாமன் கணக்கு, எட்டு ஸ்பூன். (பேச்சியின் பிள்ளைகள் எனக்கு வைத்த பேர், பேரப்பிள்ளைகளிடமும் நின்றுவிட்டது.) ஒரு தடவை நிஜமாகவே போட்டுவிட்டார்கள், நானும் ரோஷத்தில் குடித்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் இதை அதன் காதில் போட்டு வையுங்கள். எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு என்றால் தகரம் நான்கு, வயிறு எட்டு. ஏன் என்று அது கேட்டால் என்னிடம் அனுப்ப வேண்டாம். யோசித்து அதற்கே புரிந்துவிட்டால், புரியாத இன்னொரு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.