தோராவின் வேலை விஷயம்

மைனாட், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 19

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

தம்பி ஹார்லன் எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் மகள் தோரா என்ன படித்தாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் தத்துவம் என்று சொல்லி நழுவிவிடுவேன். எது நல்லது, எது கெட்டது என்று சொல்லித்தருகிற படிப்புகூட இல்லை அக்கா அது; நல்லது கெட்டது என்று உலகத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிற படிப்பு. பதினோரு வருஷம் பார்த்துவிட்டு, இல்லை என்று முடிவுகட்டிப் புத்தகமும் எழுதிவிட்டாள். அதற்குள் ஐந்து ஊர், ஐந்து தற்காலிக வேலை. ஒவ்வொரு முறையும் அவள் புத்தகப் பெட்டிகளை என் டிரக்கில் ஏற்றி இறக்கித்தான் முழங்கால் போனது.

போன வாரம் மினசோட்டாவில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் கார் குளிரில் கிளம்பவில்லை, நானே ஓட்டிப்போனேன். தேர்வுக் குழுவின் முன்னால் அவள் பேசும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நல்லதும் கெட்டதும் கல் மாதிரி நிஜம் என்று முப்பது வருஷமாய் எழுதிவருகிற வெக்ஸ்லர் என்ற பேராசிரியர் எழுந்து, குழந்தையை அடிப்பதுகூடத் தப்பில்லையா என்று கேட்டார். கண்டால் தடுப்பேன், ஆனால் தப்பு என்பது நாம் வைத்த பேர், வெளியே அப்படி ஒன்றும் கிடையாது என்றாள் இவள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துவிட்டது.

திரும்பும்போது கல்லூரி வாசலிலேயே ஐஸில் டிரக் வழுக்கி, நின்றிருந்த ஒரு நீலக் காரின் கதவை உள்ளே அமுக்கிவிட்டது. சுற்றிலும் ஈ காக்காய் இல்லை. நான் கிளம்பிவிடக் கியரைப் போட்டேன், அவளோ இறங்கி, அந்தக் காரில் செருக ஒரு சீட்டில் பேரும் போன் நம்பரும் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

“தப்புன்னு ஒண்ணு கிடையாதுன்னு இப்பத்தானேம்மா ஒரு மணிநேரம் பேசினே?”

“அது என் ஆராய்ச்சிப்பா. இது யாரோட கதவோ. என் பேனா உறைஞ்சுபோச்சு, உங்களோடதைக் குடுங்க.”

கார் வெக்ஸ்லருடையது. சாயங்காலமே போன் வந்தது. கதவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பே கிடையாதென்றால் சீட்டு எதற்கு எழுதினாய் என்று நாற்பது நிமிஷம் குடைந்தார். எங்கப்பா என்னை வளர்த்த விதம் அப்படி என்றாள். பக்கத்தில் இருந்த எனக்குக் கியர் போட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தச் சீட்டையே அவள் புத்தகத்துக்கு எதிர்ச்சாட்சியாகக் குழுவின் முன்னால் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அதோடு முடிந்தது அக்கா. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அழுதாள். அத்தானின் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒரு நாற்காலி இருந்தால் சொல்லச் சொல். நல்ல உழைப்பாளி. பொய் சொல்ல வராது, அது ஒன்றுதான் குறை.

கர்த்தர் உங்கள் இருவரையும் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

தம்பி,
ஹார்லன்

பி.கு.: உறையை ஒட்டும்போது தோரா போனில் கூப்பிட்டாள். வேலை அவளுக்குத்தான். இவ்வளவு தப்பாக, இவ்வளவு நன்றாய் யோசிக்கிறவள் பக்கத்து அறையிலேயே வேண்டும் என்று வெக்ஸ்லர்தான் மன்றாடினாராம். அத்தானிடம் எதுவும் சொல்லாதே. ஆனால் யோசிக்க யோசிக்க வெக்ஸ்லர் சொன்னதுதான் சரி என்று இவளுக்குத் தோன்றுகிறதாம். தன் புத்தகம் முழுக்கப் பிசகு, கல்லூரிக்கு உடனே தெரிவித்துவிட வேண்டும் என்கிறாள். வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகிற வரை வாயைத் திறக்காதே, அதில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.