உள்ளே இருந்த ஆள்

சர்வர் பிரிவின் பெரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு, உங்களிடம் வேலை பார்க்கும் அந்த உயரமான பையனின் பாட்டி, முகம் பாராமலே கை கூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் வீட்டாரும், ஆபீஸில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் மெஷின்களும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்கு முழங்காலைத் தவிர ஒரு குறையும் இல்லை.

விஷயத்துக்கு வருமுன் எங்கள் குடும்பம் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூத்த பேத்தி பல் டாக்டர். அவள் பிடுங்கினால் பிடுங்கியதே தெரியாது என்று பிடுங்கிக்கொண்டவர்களே சொல்கிறார்கள். அடுத்தவன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறான், அவன் தொட்டால்தான் அது கிளம்புமாம். மூன்றாமவள் நீச்சலில் கோப்பை வாங்கி வாங்கி, வைக்க இடமில்லாமல் ஒன்றை என் வீட்டில் விட்டுப் போயிருக்கிறாள், அதில் நான் மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறேன். கடைசிக்காரன்தான் உங்களிடம் இருப்பவன். நான் படிப்பை நிறுத்திய அதே ஐந்தாம் வகுப்பில் அவன் முதல் மார்க், அதற்குப் பிறகும் எங்கே போனாலும் முதல் மார்க். எல்லாரும் ஆளுக்கொரு திசையில் நன்றாக இருக்கிறார்கள். வீடு பெரியது. நான் ஒரு அறையில்தான் விளக்குப் போடுகிறேன்.

அப்படிப்பட்ட பிள்ளையிடம், வாராவாரம் போட்டும் பேட்ச் ஏன் ஏறவில்லை என்று நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்களாம். அவனும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறானாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை தெரியவில்லை என்று எழுதுவதா? அவனுக்குத் தெரியும் ஐயா. எனக்கும் தெரியும்.

பேட்ச் என்றால் ஒட்டு, சர்வரில் ஓட்டை இருந்தால் திருடன் நுழைந்துவிடுவான், அதை அடைக்க ஒட்டுப் போட வேண்டும், ஆபீஸில் யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் அதற்குத் தோது என்பதெல்லாம் அவன் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவன் என்னைப் பார்க்க வருகிற நாளும். முதல் வாரம் போட்டான், முக்கால்வாசி ஏறி நின்று, முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பழையபடி இறங்கிவிட்டதாம். "அடுத்த வாரம் வரேன் பாட்டி" என்றான். அடுத்த வாரம் மெஷின்ல இடம் பத்தலையோன்னு பழைய குப்பையெல்லாம் அள்ளி வெளியே எறிஞ்சுட்டுப் போட்டான், ஏறலை. அதுக்கடுத்த வாரம் பேட்சே பழுதோன்னு புதுசா ஒண்ணை இறக்கிப் போட்டான், ஏறலை. அப்புறம் மெஷினை அணைச்சு அணைச்சுப் போட்டான், அது எந்திரிச்சு எந்திரிச்சு முடியலைன்னே சொல்லிச்சு. ஒவ்வொரு வாரமும் நான் அவனுக்கும் சேர்த்துச் சமைச்சு, திங்கட்கிழமையும் அதையே சாப்பிட்டேன். "என்ன சாப்பிட்டீங்க பாட்டி?"ன்னு கேட்பான். உன் பங்கைத்தான்டான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். வேலையில இருக்கிற பிள்ளை, விட்டுடுவேன்.

கடைசியில், போன ஞாயிறு, மெஷின் எழுதி வைக்கிற பதிவையெல்லாம் தோண்டிப் பார்த்திருக்கான். யாரோ ஒரு ஆள் உள்ளே ஒரு படத்தைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காராம், அவர் எந்திரிச்சாத்தான் அந்த இடத்துல ஒட்டுப் போட முடியுமாம். யாருன்னு பார்த்தா இவன் பேரேதான் போட்டிருக்கு. இவனோ வெளியே நிக்கிறான். துரத்திப் பார்த்தான், துரத்தின கையோட அந்த ஆள் மறுபடி வந்து உட்கார்ந்துக்கிட்டாராம். திருடனேதான்னு பிள்ளைக்கு வேர்த்துப்போச்சு. கொஞ்சம் யோசிச்சுட்டு எனக்கு போன் பண்ணினான்.

"பாட்டி, நான் குடுத்த டேப்லெட் எங்க இருக்கு?"

"அலமாரி மேல. ஏன், திருப்பிக் கேக்கறியா?"

"அதுல என் படம் தெரியுதா?"

"எப்பவும் தெரியும். வயரைப் பிடுங்கறதே இல்லை."

"மூடவே மாட்டீங்களா?"

"உன் மூஞ்சியை எதுக்குடா மூடணும்?"

கோபித்துக்கொள்வானோ என்று பயந்தேன். மெதுவாகத்தான், "மூடுங்க பாட்டி" என்றான். மூடினேன். பேட்ச் ஏறிவிட்டது.

அந்த ஆள் நான்தான் ஐயா. வீட்டுப் படங்களை உங்கள் சர்வரில் ஒரு மூலையில் போட்டு, தன் பெயரிலேயே வழியும் வைத்து, பாட்டிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அந்த டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் வரவில்லையே என்றுதான் நான் படத்தைத் திறந்தே வைத்திருந்தேன். நான் திறந்து வைத்ததால்தான் அவனால் வர முடியவில்லை. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடச் சிரிக்கத்தான் ஆள் இல்லை. சரி, ஒட்டு ஒட்டியாயிற்று, இந்த ஞாயிறாவது வருவான் என்று பார்த்தால், உங்களுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே விளக்கத்தை நானே எழுதிவிட்டேன். காரணம் நான். அதைக் கண்டுபிடித்தவன் என் பேரன். தண்டனை உண்டென்றால் எனக்கு அனுப்புங்கள், நான் எங்கேயும் போவதில்லை, வீட்டில்தான் இருப்பேன். உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படித்து முடித்தபின் பக்கத்திலேயே வேலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சர்வரில் தெரியாமல் உட்கார்ந்திருந்த
பாட்டி

பின்குறிப்பு: உறையில் இங்கிலீஷில் விலாசம் எழுதித் தரச்சொல்லி இதை மாடி வீட்டு டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு, "என்னம்மா காரியம் பண்ணியிருக்கீங்க? ஆபீஸ் சர்வர்ல சொந்தப் படத்தை வச்சதும், வெளி ஆளுக்கு வழி விட்டதும் தெரிஞ்சா பையன் வேலையே போயிடும். அதை மறைக்கத்தானே பாவம் தெரியலைன்னு எழுதறான்" என்கிறார். கிழித்துப் போடலாம் என்றால், பிள்ளைகளைப் பற்றி எழுதியது இவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது, இன்னொரு தடவை இப்படி வராது. ஆகவே மேலே உள்ள எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட் கிடையாது, படம் கிடையாது. அந்தப் பையனுக்குப் பாட்டியே கிடையாது. அவன் எழுதுகிறபடி, காரணம் தெரியவில்லை. ஆனால் நீங்களாகவே சொல்கிற மாதிரி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: புதிதாக ஒரு போட்டோ எடுத்து, காகிதத்தில் போட்டு, உறையின் பின்னால் இருக்கிற விலாசத்துக்குத் தபாலில் அனுப்பட்டும்.