முதுகுவலி தீர்த்த சூப்பர்வைசர்

காலை ஆறு மணிக்கே பழைய கிடங்கின் வாசலில் தொடங்கிய வரிசை, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, பல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரும் அதே வரிசையில்தான் நின்றார். அவருக்குக் கழுத்துவலி.

உள்ளே இருந்தவர் சொல்லய்யா. மருந்து தரமாட்டார், சொல் தருவார். தலைவலிக்கு 'ஒத்தடம்', மூட்டுவலிக்கு 'தைலம்', தூக்கம் வராதவர்களுக்குத் 'தாலாட்டு', எதற்கும் அடங்காத நோய்க்கு 'அமிழ்தம்'. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே துண்டுத் தாளில் எழுதி, நாலாக மடித்து, திரைக்குப் பின்னாலிருந்து வரும் குடத்துத் தண்ணீர் ஒரு பாட்டிலோடு கொடுப்பார். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மை கரைந்ததும் குடிக்கவேண்டும்.

விதிகள் இரண்டு. தாளைப் பிரிக்கக்கூடாது, பிரித்தால் சொல் பறந்துவிடும். வேறு மருந்து தொடக்கூடாது. தொட்டால் சொல் கோபித்துக்கொள்ளும். தமிழ்ச் சொற்களுக்கு இவ்வளவு ரோஷம் உண்டென்பது இலக்கணம் எழுதியவர்களுக்கே தெரியாது.

தையல் கம்பெனியில் காலர் தைக்கும் ஓர் அம்மா மூன்று வாரமாக அமிழ்தம் குடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை மாத்திரை அலமாரியில் தூங்கியது. வலது காலின் சுண்டுவிரலடியில் இருந்த புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வலிக்கவே இல்லடி," என்றாள் மகளிடம். "வலி போச்சுன்னா ஆறுதுன்னுதானே அர்த்தம்?"

"கறுப்பாயிருக்கும்மா."

"நானே கறுப்புதான். டிகிரி வாங்கினவ, அதுவும் தெரியாதா?"

அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் மகள். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்த சட்டைகளுக்கு எண் ஒட்டி, தையலை இழுத்துப் பார்த்து, தேறியது தேறாதது பிரிப்பவள். மூன்று வாரமாக அம்மாவோடு கத்தியதில் அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ("போய் ஒரு சொல் வாங்கிக் குடி," என்றாள் அம்மா.)

கடைசியில் அம்மாவே ஒரு பேச்சுக்குச் சொன்னாள். "அது பொய்னு நிரூபி. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வரேன்."

மகள் அதைப் பேச்சாக விடவில்லை.

கம்பெனியில் அவர்கள் பிரிவில் அம்மாவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் சொல் குடிப்பவர்கள். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் எட்டுப் பேரையும் உட்காரவைத்தாள்.

"உங்க தாளையும் பாட்டிலையும் என்கிட்ட கொடுங்க. மாத்திக் கலந்து, எண் ஒட்டித் தரேன். யாருக்கு எது வந்துச்சுன்னு சாயங்காலம்தான் சொல்வேன். குடிச்சிட்டு, வலி எப்படியிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எதுக்குடி இந்த வேலை?" என்றாள் பொத்தான் அக்கா. பொத்தான் வைத்து வைத்தே முதுகு வளைந்தவள்.

"நாப்பது ரூபா காலரையே நாலு தடவை இழுத்துப் பார்க்கறேன். உங்க முதுகு அதைவிட மட்டமாக்கா?"

பொத்தான் அக்கா பாட்டிலை நீட்டினாள். "எங்க ஐயா சொல்லு எந்தச் சோதனையிலும் தேறும். பாரு."

நாலு பேருக்கு ஐயாவின் தாள், ஆனால் கம்பெனிக் குழாய்த் தண்ணீர். நாலு பேருக்கு ஐயாவின் தண்ணீர், ஆனால் தாள் இவள் பென்சிலால் எழுதியது. பென்சில் கரையாது. பிரிக்கக்கூடாது என்ற ஐயாவின் விதி இவளுக்குத்தான் வசதியாக இருந்தது; ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் போனது அமிழ்தமும் குழாய்த் தண்ணீரும்.

ஐந்து மணிக்கு நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முனகிக்கொண்டிருந்தார்கள். அம்மா தையல் மிஷினைவிட்டு எழுந்திருக்க முடியாமல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முதுகா? எனக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு!" என்றாள் பொத்தான் அக்கா.

"உங்க தாளைப் பிரிங்க."

"சொல்லு பறந்துடும்டி."

"பறக்கட்டும்."

ஈரத்தாளைப் பிரித்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சூப்பர்வைசர்.'

பொத்தான் அக்கா தாளை மகளின் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"அடிப்பாவி! இந்த ஆளாலதானேடி எனக்கு முதுகுவலியே வந்துச்சு!"

மற்ற மூவருக்கும் குணம் தந்தவை முறையே 'வாடகை', 'ஓவர்டைம்', 'நாத்தனார்'.

மறுநாள் காலை எட்டுப் பேரும் வரிசையை விலக்கிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தார்கள். அம்மாவைப் பொத்தான் அக்கா தாங்கி வந்தாள். மகள் தாள்களை மேசையில் பரப்பி, நடந்ததைக் கூட்டம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

சொல்லய்யா புன்னகைத்தார். "நம்பிக்கையோட குடிச்சா எந்தச் சொல்லும் வேலை செய்யும் தாயி."

கூட்டம் தலையாட்டியது. தலையை அது அதற்குத்தான் வைத்திருந்தது.

"எங்கம்மாவும் நம்பிக்கையோடதான் குடிச்சாங்க. நீங்க எழுதின சொல்லுதான். ஏன் வேலை செய்யல?"

"குழாய்த் தண்ணியில குடிச்சா? என் குடத்துத் தண்ணி வேணும்."

"அப்போ குணம் சொல்லுல இல்ல, குடத்துல இருக்கு. குடத்துல என்ன இருக்கு?"

சொல்லய்யாவின் கண் திரைப் பக்கம் போனது.

திரைக்குப் பக்கத்தில் நின்றவர் பல் டாக்டர். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி, திரையை இழுத்தார். அங்கே ஐயாவின் மச்சான், ஒரு மிக்ஸி, அதில் பாதி அரைத்த வெள்ளைப் பொடி, ஒரு சாக்கு நிறைய காலி மாத்திரை அட்டைகள். டாக்டர் ஓர் அட்டையை எடுத்துப் படித்தார்.

"வலி மாத்திரை," என்றார். "பல்லு பிடுங்கினா நான் எழுதிக் கொடுக்கறது." பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அன்றைக்கே அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சுண்டுவிரல் போயிற்று. இன்னும் ஒரு வாரம் அமிழ்தம் குடித்திருந்தால் கால் போயிருக்கும் என்றார்கள். வலியை மட்டும் மறைத்துவிட்டு, புண்ணைத் தன் வேலையைப் பார்க்க விட்டிருந்தது குடத்துத் தண்ணீர்.

கட்டுப் போட்ட காலோடு அம்மா கேட்டாள்: "இதமா ஏதாவது சொல்லேண்டி."

"நான் இருக்கேம்மா."

அந்தச் சொல்லால் ஒரு புண்ணும் ஆறவில்லை. அப்படி ஆறும் என்று அவள் சொல்லவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

சொல்லய்யா காலி செய்த அதே கிடங்கில் இப்போது வேறொருவர் வந்திருக்கிறார். சொல் இல்லை, வலிக்கிற இடத்தில் வாயால் ஊதுகிறார். வரிசை மறுபடியும் பல் ஆஸ்பத்திரிவரை வந்துவிட்டது. நிற்பவர்களே, கால் வலித்தால் அந்தப் படிக்கட்டிலேயே உட்காருங்கள். உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். அதற்கு டோக்கன் வேண்டாம்.