என் காரியத்துக்கு நீ வர வேண்டாம்

தண்டையார்பேட்டை,
சென்னை.
ஆகஸ்ட், 2008.

அன்புள்ள மகன் அறிவுக்கு,

உன் நைனா ஜெயவேல் நல்ல நினைவோடும் உடம்பில் சூட்டோடும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அம்மா கன்னியம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் நலம் விசாரித்துவிட்டுப் பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த முறை நான் நலமாக இருக்கிறேன் என்பதுதான் விஷயமே. நான் சாகவில்லை. ஆகவே என் பதினாறாம் நாள் காரியத்துக்காக நீ எடுத்திருக்கும் விமான டிக்கெட்டை உடனே ரத்து செய்யவும். ஈமெயில்தானே என்று அரைகுறையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. வழக்கம்போல் தாளில் எழுதி, உன் தோஸ்து காலித்திடம் தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறேன். அவன் செய்து வைத்திருக்கும் காரியத்துக்கு இதையாவது ஒழுங்காகச் செய்யட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரம் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு காக்கா என் தலையில் தட்டிவிட்டுப் போனது. பையில் இருந்தது கானாங்கெளுத்தி, காக்காவுக்கு அதன்மேல் கண், நடுவில் என் தலை இருந்தது, அவ்வளவுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த மீனை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு, "காக்கா தலையில தட்னா சும்மா வுடக் கூடாதுயா. நீ பூட்டன்னு சொந்தக்காரங்களுக்கு சேதி அனுப்பணும். அத்த நம்பி யாராவது ஒருத்தர் அயுதாதான் தோஷம் கயியும். எங்க மாமனுக்கு அப்டிதான் தந்தி அட்ச்சாங்க. அதுக்கப்பறம் எத்தினி வருசம் இருந்தாரு!" என்று ஆரம்பித்தாள். பகுத்தறிவைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதியவன் நான். "உயிரோட கீற ஆளு செத்துட்டேன்னு சேதி அனுப்பறதா? நான் செய்தி எழுதறவன்டி, பொய்யெல்லாம் நம்மகிட்ட நடக்காது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, குழம்பு கொதித்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் தூங்கியதும் அவள் நேராகக் காலித்தின் பிரௌசிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். எண்ணூரில் ஃபவுண்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் நடத்திவரும் வலைப்பூ, 'ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்', அங்கிருந்துதான் வெளியாகிறது என்பது உனக்குத் தெரியும். வியாசர்பாடி கால்பந்து, கேரம் போட்டி, நேரத்துக்கு வராத பாரிமுனை பஸ், ஆடி மாதக் கூழ், மீன் விலை என்று நான் தாளில் எழுதிக் கொடுப்பேன், அவன் அடித்துப் போடுவான். அதில்தான் என் சாவுச் செய்தியைப் போடச் சொல்லியிருக்கிறாள். ஏன் அதில் என்று பிறகு நான் சண்டை போட்டபோது அவள் சொன்ன காரணத்தைக் கேள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்களாம். சேதி சொன்னால் பத்து நிமிஷத்தில் வீடு நிறைந்துவிடுமாம். "நீ எயுதறத ஒருத்தனும் படிக்க மாட்டான்னு அறிவு சொன்னானே! யாரும் படிக்காத எடத்துல போட்டா போட்டதும் ஆச்சு, யாருக்கும் பேஜாரும் இல்லன்னு பார்த்தேன்" என்றாள். படிக்க ஆளில்லாவிட்டால் அழுவது யார் என்று அவள் யோசிக்கவே இல்லை. செத்தேன் என்று எழுதியதைவிட அவள் சொன்ன இந்தக் காரணம்தான் எனக்கு வலித்தது. நீ வெளிநாடு கிளம்புகிற அன்று சொன்ன வார்த்தை அது. அதற்காகத்தான் இந்த மூன்று வருஷமும் நீ போன் செய்தால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். அதையே இவளும் மனசில் வைத்திருக்கிறாள் பார்.

காலித் சும்மா ஒரு வரி போட்டுவிட்டு விட்டிருக்கலாம். அவனுக்கு உள்ளே இத்தனை நாள் ஒரு எழுத்தாளன் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியாது. 'வடசென்னையின் விளையாட்டுக் குரல் ஓய்ந்தது' என்று தலைப்பு. கீழே என் பணி ஓய்வுப் பாராட்டு விழாவில் எடுத்த போட்டோ. அதில் ஏற்கெனவே கழுத்தில் மாலை இருந்ததால் அவனுக்கு வேலை மிச்சம். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கு, அது ஆடி ஆடி எரிகிற மாதிரி செய்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துவிடுவதாக இருவருக்கும் ஒப்பந்தமாம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் மழைநீர்க் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டுகிற ஆட்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். தெரு முழுக்க இன்டர்நெட் போய்விட்டது. வேறு கடையில் போய் எடுக்க வேண்டியதுதானே என்றால், பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியுமாம், இவனுக்குத் தெரியாதாம். இப்படியாக நான் செத்தது செத்தபடியே நின்றுவிட்டது.

இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடியில் கால்பந்து காலிறுதி. சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு அணியும் கையில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு, நடுவரான நம்ம ரஷீது பாய் தலைமையில் குனிந்து நிற்கிறார்கள். மௌன அஞ்சலி. யாரோ பழைய ஆட்டக்காரர் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மைதானத்துக்கு ஒரு மரியாதை உண்டல்லவா? செருப்பைக் கழற்றிவிட்டு நானும் கோட்டுக்கு வெளியே தலை குனிந்து நின்றேன். மனசார நின்றேன், கண்கூடக் கலங்கியது. முடிந்ததும் பக்கத்தில் நின்றவரிடம், "யாருப்பா பூட்டது?" என்று கேட்டேன். "நம்ம பிளாக் எய்துவாரே, ஜெயவேல் நைனா, அவுருதான். தங்கமான மன்சன், இன்னா கொஞ்சம் அதிகமா பேசுவாரு" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர், என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை என் மேலேயே கொட்டிவிட்டு ஓடினார். ரஷீது பாய் ஓடி வந்து என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா நைனா நீ! ரிப்பன்லாம் கட்டி முட்ச்சப்புறம் வந்து நிக்கிறியே!" என்கிறார். என்னவோ நான் சொன்ன வாக்கைக் காப்பாற்றாத மாதிரி. ஆட்டம் நடந்தது. தோற்ற அணி, செத்தவர் திரும்பி வந்ததில் தங்கள் கோல்கீப்பர் அரண்டுவிட்டான், ஆட்டத்தை மறுபடி வைக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறது. நல்ல ஆட்டம், ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஷாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். உன் சித்தப்பா எழிலன் ஏற்பாடு. யாரோ போனில் சொன்னதைக் கேட்டு, நேரே என்னை வந்து பார்ப்பதற்குப் பதிலாக நேரே வாடகைக் கடைக்குப் போயிருக்கிறான். ஃப்ளோரன்ஸ் டீச்சர் ராயபுரத்திலிருந்து ரோஜா மாலையோடு வந்தார். உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதே குரலில், "ஜெயவேல், ஞாயித்துக்கிழமை பூசைய பாதியில வுட்டுட்டு வந்துக்கிறேன்" என்று என்னை நிற்க வைத்துத் திட்டிவிட்டு, கொண்டுவந்த மாலையை வீணாக்க மனமில்லாமல் என் சைக்கிளுக்குப் போட்டுவிட்டுப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் உன் அம்மா, "ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் கீறாரு, சேர் போட்டாச்சு, உக்காந்து டீ குட்ச்சிட்டுப் போங்க" என்று உபசாரம் செய்தாள். சாயங்காலத்துக்குள் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் அது பிடிக்காமல் இல்லை.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். அம்மா, "அயுவாதடா கண்ணு, உங்க நைனா உசுரோட பக்கத்துலயே கீறாரு, டீ குட்ச்சிகினு கீறாரு" என்று சொன்னாள். நீ அவளுக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். போனை நான் பிடுங்கி, "டேய், நான்தான்டா பேசறேன்" என்றேன். நீயோ, "சித்தப்பா, அம்மாவப் பத்திரமா பாத்துக்கோ. டாக்டராண்ட இட்டுகினு போ" என்று விம்மினாய். என் குரல் உனக்கு மறந்துவிட்டது. மூன்று வருஷம் மொட்டை மாடியிலேயே நின்றால் எப்படி ஞாபகம் இருக்கும்? பிறகு நீ சொன்னதை நான் எழிலனாகவே கேட்டுக்கொண்டு நின்றேன். "மூணு வருசமா லீவு கேட்டுகினு கீறேன் சித்தப்பா. தர மாட்டேன்னுட்டானுங்க. நைனா பூட்டாருன்னு சொன்னப்பறம்தான் மேனேஜர் கையெய்த்தே போட்டான். எடுத்துப் போடக்கூட வர முடியல, வர்ற வெள்ளிக்கிழமதான் டிக்கெட் கெட்ச்சுது, காரியத்துக்காவது வந்துர்றேன்" என்று அழுதாய். போன் கட் ஆகிவிட்டது. நீ வர மனமில்லாமல்தான் வரவில்லை என்று இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன் அறிவு.

அதன் பிறகு உன் நம்பர் கிடைக்கவில்லை. இன்று காலித் பிராயச்சித்தமாகத் தன் வண்டியிலேயே என்னை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்து வந்திருக்கிறான். இங்கே அவன் சொந்தக்காரர் கடையில்தான் என் சாவுச் செய்தியை நானே முதன்முதலாகப் படித்தேன். கீழே எத்தனை பின்னூட்டம் தெரியுமா! துறைமுகத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, கப்பலில் வேலை செய்கிற ஒரு திருவொற்றியூர்ப் பையனிடமிருந்து. நான் ரத்தம் சிந்தி எழுதிய கால்பந்து வியூகக் கட்டுரைகளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீன் விலையை இனிமேல் யார் எழுதுவார்கள் என்று கேட்டுத்தான் பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். கடைசியில் உன் பின்னூட்டம் இருந்தது. 'நைனா, டூட்டி முட்ச்சி ரூமுக்கு வந்தா மொதல்ல இத்ததான் தொறப்பேன். ஒருத்தனும் படிக்க மாட்டான்னு சொன்ன நானே ஒரு நாளு கூட வுட்டதில்ல. நீ மீன் வெல எய்தற அன்னிக்கு எனக்கு இங்க சோறு எறங்காது. இத்த உன்னாண்ட சொல்லியிருக்கணும்.' நான் முன்பின் தெரியாத கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் சாவுச் செய்தியைப் படித்து ஒருத்தர் அழ வேண்டும் என்று உன் அம்மா ஆசைப்பட்டாளே, அந்த ஒருத்தன் நான்தான். காலித் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தான்.

ஆக, இப்போது செய்ய வேண்டியது இதுதான். நாளைக் காலை உன் மேனேஜரிடம் போய், என் தகப்பனார் உயிரோடு இருக்கிறார், தவறான தகவல், மன்னிக்கவும் என்று நேர்மையாகச் சொல்லி லீவைத் திருப்பிக் கொடுத்துவிடு. பொய்யான காரணத்துக்கு வாங்கிய லீவில் ஊருக்கு வருவது நம் குடும்பத்துக்கு அழகல்ல. நம்மிடம் நாணயம் ஒன்றுதான் இருக்கிறது. நான் ஃபவுண்டரியில் இருந்த காலத்தில் காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் என்று ஒரு நாள்கூட லீவு போட்டது கிடையாது. கேபிள் இன்று சரியாகிவிடுமாம். சரியானதும் 'நான் சாகவில்லை' என்ற தலைப்பில் என் மறுப்பு அறிவிப்பு வெளியாகும். அதில் காக்கா, மூடநம்பிக்கை, கேபிள் வெட்டு, ஊடக தர்மம் எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறேன். உனக்கு முறையாக லீவு கிடைக்கும்போது வா. அவசரமில்லை. நான் எங்கும் போய்விடவில்லை.

வேளா வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. அம்மா உனக்குத் தன் முத்தத்தையும், சித்தப்பா எழிலன் தன் மன்னிப்பையும் சொல்லச் சொன்னார்கள். நீ நூறாண்டு இருந்து, நல்ல பேரோடும் நல்ல உடம்போடும் வாழ உன் நைனாவின் ஆசி.

இப்படிக்கு,
உயிருடன்,
ஜெயவேல்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்து முடித்துவிட்டு காலித் தொழுகைக்குப் போயிருக்கிறான். இதை நானே ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறேன். அறிவு, மேனேஜரிடம் ஒன்றும் சொல்லாதே. டிக்கெட்டை ரத்து செய்யாதே. மறுப்பு அறிவிப்பை இப்போதைக்குப் போட வேண்டாம் என்று காலித் வந்ததும் சொல்லிவிடுகிறேன். ரஷீது பாயிடமும் ரிப்பன் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். நீ வந்து, உன் லீவு முடிகிற வரைக்கும் நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு மட்டும் நானே வருவேன்.