வலது இருக்கையில் ஐம்பத்தெட்டு கிலோ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இதைப் படிப்பதை இரண்டு நாள் தள்ளிப் போடு. போன் செய்திருக்கலாமே என்பாய். உன் வீட்டில் மணி அடித்தவுடன் அத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இது ஸ்பீக்கரில் போடக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் பள்ளியில் கடைசி இரண்டு வகுப்பு ஓய்வில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துவதுபோல் பாவனை செய்துகொண்டு எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, தூங்கிக்கொண்டிருந்த என் கணவரின் வலது கட்டை விரலைப் பிடித்து அவருடைய டேப்லெட்டில் வைத்து அழுத்தியது. பல் விளக்கவில்லை, முகம் கழுவவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் துவைக்கப் போடும் நாள் தவிர அவர் சட்டைப் பையைக்கூடத் துழாவாதவள் நான். விரல் பட்டதும் அது திறந்துகொண்டது. அவர், "நல்லா ஆ காட்டுங்க, இன்னும் கொஞ்சம்" என்று தூக்கத்திலேயே யாருக்கோ பல் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

உனக்குத் தெரியும், ஐம்பதை நெருங்கும் ஆண்களை ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு வக்கீலை மீன் தொட்டி பிடித்தது. பல் டாக்டரான இவரை விமானம் பிடித்தது. போன வருடம் பறக்கும் கிளப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, தனியாக ஓட்ட லைசென்ஸும் வாங்கிவிட்டார். கிளப்புக்குச் சொந்தமான, இரண்டே பேர் உட்காரும் சின்ன விமானம். அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் திசையில். ஒருவர் வாயில் எந்தப் பல் எங்கே என்று இருட்டில்கூடச் சொல்வார். வாசலில் இறங்கினால் கிழக்கு எது என்று தெரியாது. கார் ஓட்டும்போது ஒவ்வொரு முக்கிலும் "லெஃப்ட்டா, ரைட்டா?" என்று என்னைத்தான் கேட்பார். பதினெட்டு வருடமாகப் புவியியல் நடத்துகிற நானும் சலித்துக்கொண்டே சொல்வேன். ஆனால் அக்கா, உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். ஒரு மனிதர் என்னைக் கேட்காமல் திரும்பமாட்டார் என்பது சின்ன விஷயமா?

அதற்குத்தான் கேடு வந்தது. கிளப்பில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பெண், வீட்டில் எந்நேரமும் கேப்டன் மேடம் கேப்டன் மேடம் என்று பேச்சு, அவள் இரண்டு மாதத்துக்கு முன், "டேப்லெட்ல ஒரு வழிகாட்டி ஆப் போட்டுக்குங்க டாக்டர், மத்தவங்களைவிட உங்களுக்கு ரொம்ப அவசியம்" என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. முதல் நாள் வரைபடம் இறக்கினார். நம் பக்கம் மட்டும் போதும் என்றேன். கேட்காமல் கண்டம் முழுவதையும் தட்டிவிட்டார்; வடக்கே பனிக்காட்டில் இறங்க நேர்ந்தால் எங்களுக்கு வழி தெரியும், ஆனால் வீட்டு இன்டர்நெட் அதிலேயே தீர்ந்துபோய், இரண்டு நாள் எதிர்வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகவில்லை. அந்த வரைபடங்களை இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டுமாம், பழசை நம்பிப் பறக்கக்கூடாதாம். நாள் பிசகாமல் செய்கிறார். ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி ஏழு வருடமாகிறது.

அடுத்தது, நாம் எங்கே இருக்கிறோம் என்று செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்லும் தீப்பெட்டி அளவுக் கருவி. அதை டேப்லெட்டோடு ப்ளூடூத்தில் சேர்க்க வேண்டும். டேப்லெட்டோ ஏற்கெனவே என் மாமியாரின் காது மெஷினோடு சிநேகமாக இருந்தது; சத்தம் கூட்டிக் குறைக்க இவரே எப்போதோ சேர்த்து வைத்தது. அதை மறந்துவிட்டு, ஒத்திகை என்று எதையோ தட்டி, மேஜையில் இருந்தபடியே விமானத்தை ஒரு மலையை நோக்கி விட்டார். இவருக்கு வர வேண்டிய எச்சரிக்கை, ஹாலில் கண்மூடி உட்கார்ந்திருந்த மாமியாரின் காதுக்குப் போனது.

"டேய், யாரோ முன்னாடி மலை, மேல ஏறு, மேல ஏறுன்னு கத்துறான்டா!"

"அது உனக்கில்லம்மா, எனக்கு."

"உனக்குன்னா என் காதுல ஏன்டா கத்துறான்? இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்கடா ஏறுவேன்?"

கேட்டுக்கொண்டே சோபா மேல் ஏறிவிட்டார் மாமியார். இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என் வயிறு எரிந்தது அதற்கடுத்த வாரம். சரியாக வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று டேப்லெட்டைக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னை என் தோழி வீட்டுக்கு அழைத்துப் போனார். வழக்கமான முக்கு வந்தது. நான் வாயைத் திறந்தேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அதைப் பார்த்தார்.

"நேரா கோடு போட்டிருக்கு."

"நேரா போனா துணிக்கடைக்குள்ளதாங்க போகணும்."

"நாலே நிமிஷம்னு காட்டுது."

"அது பறந்து போறவங்களுக்கு."

"கொஞ்சம் பேசாம வர்றியா? அது என்னமோ சொல்லுது."

அது சொன்னது இதுதான்: நாங்கள் தரைக்கு ஆபத்தான அளவு அருகில் பறந்துகொண்டிருக்கிறோம். அதற்கு இவர் "சரி சரி" என்று பணிவாகப் பதில் வேறு சொன்னார். என்னிடம் அந்தக் குரலில் பேசி எத்தனை காலமாயிற்று! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அக்கா, படித்தவள், நாற்பத்தாறு வயதுக்காரி, ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதை உடைத்தால் என்ன என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, உடைத்தால் இவர் எங்கே போய் விழுவாரோ என்ற பயத்தில் நானே அதற்குச் சார்ஜ் போட்டு வைத்தேன். என் பொறாமைக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்.

நேற்றுச் சாயங்காலம் நான் பக்கத்தில் போனதும் அதைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. அதனால்தான் காலையில் அந்தக் கட்டை விரல்.

திறந்தது எடை எழுதி வைக்கும் பக்கம். எந்த இருக்கையில் யார், எத்தனை கிலோ, பெட்ரோல் எவ்வளவு என்று போட்டால், விமானம் தாங்குமென்றால் பச்சை, தாங்காதென்றால் சிவப்பு. இடது இருக்கை, விமானி, எண்பத்திரண்டு. சரி. வலது இருக்கை, 'வழக்கமாக வருபவர்', ஐம்பத்தெட்டு. பச்சை, இன்னும் ஆறு கிலோ ஏற்றலாம் என்று உபசாரம் வேறு.

அக்கா, நான் அந்த விமானத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. இவர் கூப்பிட்டதும் இல்லை. நான் எழுபத்தொன்று, போன மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வராந்தா முழுவதும் கேட்கும்படி சொன்னாள். அப்படியென்றால் வழக்கமாக வரும் அந்த ஐம்பத்தெட்டு யார்?

இன்று பள்ளியில் யாரையும் முகம் பார்த்துப் பேசவில்லை, எடை பார்த்துப் பேசினேன். இடைவேளையில் இவருடைய கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"உன் வெயிட் எவ்வளவும்மா?"

"ஏன் மேடம், ரத்த தானமா?"

"சும்மா சொல்லேன்."

"நாப்பத்தாறு மேடம். யாருக்கு மேடம் ரத்தம் வேணும்? டாக்டருக்கா?"

"இன்னும் இல்லை" என்று வைத்துவிட்டேன்.

மிச்சம் கேப்டன் மேடம்தான். கிளப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். ஒடிசலான உடம்பு, கறுப்புக் கண்ணாடி, இறக்கையில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். ஐம்பத்தெட்டுதான், கால் கிலோ பிசகாது. லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஆசிரியை எதற்கு? அவள் எடை குறைவு என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் இவர் வழி தவறவே மாட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். நாலு மணிக்குக் கிளப்புக்கே போய் அவளை நேருக்கு நேர் கேட்டுவிட்டு, அப்படியே இதைத் தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இரண்டு பெட்டியோடு வருகிறேன். மாடி அறையைப் பெருக்கி வை. என் மாமியாரையும் அழைத்து வரலாமா என்று யோசிக்கிறேன். இதில் பாதிக்கப்பட்டவர்களில் மூத்தவர்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நோய் நொடி இல்லாமல் எல்லோரும் நன்றாக இருங்கள், அத்தான் இந்தக் கடிதத்தைப் பார்க்காத வரைக்கும்.

இப்படிக்கு,
அளவுக்கு மேல் போன உன் தங்கை

பின்குறிப்பு: ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கிளப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நான் போனபோது கேப்டன் மேடம் விமானத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்காரரோட வழக்கமா வர்றது யாருங்க?" என்று கேட்டே விட்டேன். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வலதுபக்கக் கதவைத் திறந்து காட்டினாள். இருக்கையில் இரண்டு மணல் மூட்டை. பெல்ட் போட்டு, நகராமல், பத்திரமாக.

"இவங்கதான் மேடம். மனைவியைக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த எடையோட பழகணும்னார் டாக்டர். ரெண்டு மாசமா சுத்திக் காட்டுறார். ஒரு நாள் ரேடியோவுல பேசுற பட்டன் அழுந்தினபடியே மாட்டிக்கிச்சு, கீழ நாங்க எல்லாரும் கேட்டோம். 'அதோ பாரு, ஏரி தெரியுதா? உனக்குப் பிடிக்குமே'ன்னு மூட்டைகிட்ட சொல்லிட்டிருந்தார்."

"எந்தப் பக்கம்?"

"தெற்கால."

அது ஏரி இல்லை அக்கா, அணை. இரண்டு மாதமாக அந்த மூட்டைக்குத் தப்பும் தவறுமாகப் பாடம் நடந்திருக்கிறது. நான் பார்க்க வேண்டியதையெல்லாம் அது பார்த்துவிட்டது. அந்த மணலை இப்போதே தெருவில் கொட்டிவிடலாமா என்றிருந்தது.

"ஐம்பத்தெட்டுன்னு யார் சொன்னாங்களாம்?" என்றேன்.

"நீங்கதானாம்."

நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, "உன் வெயிட் என்ன?" என்று கேட்டார். நாற்பதைத் தாண்டியவளிடம் திடீரென்று கேட்டால் வாயில் வருவது எடையா? ஆசைதான் வரும். சொன்னவள் மறந்துவிட்டேன், கேட்டவர் நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு உன் ஊருக்குப் பக்கத்து விமானத் திடலுக்கு வருவதாகத் திட்டமாம். எனக்குத் தெரியக்கூடாதாம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று கேப்டன் மேடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள், நல்ல பெண். பத்து மணிக்கு அங்கே வந்து நில், ஆச்சரியப்படுவதுபோல் நடி.

ஆனால் எனக்கும் அந்த மூட்டைக்கும் பதின்மூன்று கிலோ வித்தியாசம். இடம் இருப்பது ஆறுக்கு. பெட்ரோலைக் குறைத்துப் போட்டு, திரும்பும்போது உன் ஊரில் நிரப்பினால் சரியாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதற்கு அவருக்கு உண்மை தெரிய வேண்டும். தெரியாமல் நான் ஏறி உட்கார்ந்தால், அவர் பழகியது வேறொருத்தியோடு, பறப்பது என்னோடு என்றாகிவிடும்.

இங்கே விமானக் கொட்டகை வாசலில் சாமான் நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் போடுவதற்கு முன்னால், அவர் கண்ணெதிரே அதில் ஏறி நிற்கப் போகிறேன். இதைக் கேப்டன் மேடத்திடம்கூடச் சொல்லவில்லை. செருப்பை மட்டும் கழற்றிவிட்டு ஏறுவேன்.