சந்தைக்குப் போன என் வேலை மனு

குமாஸ்தா வேலைக்கு ஒரு மனு எழுத வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டை நூல் மண்டி ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள். சீமை நூல் விற்கக் கூடாதென்று ஒரு காலத்தில் நான் நான்கு நாள் படுத்துக் கிடந்த வாசல் அது! வேறு வழியில்லை. குடியிருந்தது மைத்துனர் வீட்டில். தை பிறந்தால் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மனுவை என் மனைவி பாவாயிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. காது மட்டும் கூர்மை.

"அடிமைத் தளையை அறுக்கப் புறப்பட்ட அடியேன்..."

"ஏனுங்க, அவுங்க நூல் விக்கறவங்க. அறுக்கறேன்னு போனா வேலை குடுப்பாங்களா? அடிங்க அதை."

அடித்தேன்.

"வேலூரில் ஆறு மாதம், திருச்சியில் ஒரு வருஷம் கடுங்காவல்..."

"அதையும் அடிங்க."

"பாவாயி, அது என் தியாகம்!"

"இருக்கட்டுமுங்க. எங்கண்ணன் ஊட்டுல இருந்துக்கிட்டே தியாகம் பண்ண முடியாது. அடிங்க."

கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. பெயர், வயது, தமிழ் எழுத வரும், கூட்டல் கழித்தல் வரும். பதினைந்து வருஷப் போராட்டம் அந்தக் கழித்தலில் போயிற்று!

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அழகாக அச்சடித்துக் கொடுப்போமே என்று திங்கட்கிழமை மாரியப்பனின் அச்சாபீசில் தாளை நீட்டினேன். என் துண்டுப் பிரசுரங்களை எல்லாம் அடித்தவன் அவன்தான்.

அவனுக்கு நான் ஒரு விதி வகுத்திருந்தேன். என் கையெழுத்தில் எது வந்தாலும் கேள்வி கேட்காதே. ஆயிரம் பிரதி அடி. மை காயுமுன் தொண்டர்களிடம் கொடுத்துவிடு. கட்டு அங்கேயே கிடந்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஒரு பிரதி போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் செவ்வாய்ச் சந்தை. உள்ளே நுழைகிறேன், எங்கள் தொண்டர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்.

"படியுங்கள்! பரப்புங்கள்!"

ஆளுக்கொன்றாக என் மனு!

கத்தரிக்காய்க்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வயசு நாப்பத்திரண்டுன்னு படிச்சாங்களே சாமி, நெசந்தானா? பாத்தா இன்னும் கூடத் தெரியுதே!"

என்னை இரண்டு தடவை கைது செய்த ஏட்டய்யா ஒரு பிரதியோடு நின்றிருந்தார். முன்பக்கம் படித்தார். பின்பக்கம் திருப்பினார். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னமோ சூட்சுமம் இருக்குது. நீங்களே சொல்லிப்போடுங்க."

"வேலைக்கு மனுங்க, ஏட்டய்யா."

"நீங்களா? வேலைக்கா?"

தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். என் எழுத்தைப் போலீஸ் பறிமுதல் செய்யாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அவமானம்!

மண்டிக்கு ஓடினேன். முதலாளி மேசைமேல் ஏற்கெனவே மூன்று பிரதிகள்.

"வாங்க தலைவரே! சந்தைக்கே நோட்டீசு போட்டு வேலை கேட்ட ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். உங்களைக் குமாஸ்தாவா வெச்சா எங்க கடை சங்கதி பூரா அடுத்த சந்தைக்கு வந்துருமுங்களே!"

மேசைமேல் கிடந்த பிரதிகளை மெல்ல என் பக்கம் இழுத்தேன்.

"அது கிடக்கட்டும். ஜெயிலைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே. நீங்களா விட்டிருக்க மாட்டீங்க. யாருங்க அதை அடிச்சது?"

"ஊட்டுக்காரி."

"உங்க பேச்சையே அடிச்சு நிறுத்தினாங்களா!" எழுந்தே விட்டார். "பின்கட்டுல நூல் சுத்தற பொம்பளைங்க இருபது பேரு. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்கறதில்லை. மேல்பார்வைக்கு அந்தம்மாளை வரச் சொல்லுங்க."

தை பிறந்தது. பாவாயியின் சம்பளத்தில் தனி வீடு பார்த்துக் குடி வந்துவிட்டோம். மிஞ்சிய மனுக்களின் பின்பக்கத்தில் அடுத்த பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை அவளுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.