முயல் வீட்டு டப்பாக்கள்

காப்பியை ஒரு வாய் குடித்ததும் ஜம்புவின் முகம் கோணியது. சர்க்கரைக்குப் பதில் உப்பு.

"மைதிலி லேபிளை மாத்தி ஒட்டிட்டா போலிருக்கு," என்றாள் மனைவி வாலாம்பாள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

ஜம்புவுக்குக் கோபம் வரவில்லை. புது முறை என்றால் ஆரம்பத்தில் கொஞ்சம் தடங்கல் இருக்கத்தானே செய்யும்?

போன தடவை மெட்ராஸிலிருந்து வந்த அக்கா, அவன் நாலு வயது மகள் மைதிலி மாட்டுங்கா வீட்டு வராந்தாவில் நின்று இந்தியிலேயே சண்டை போடுவதைப் பார்த்தாள். "தமிழ் வாசிக்கத் தெரியாத பொண்ணு உன் ஆத்துல வளர்றாடா," என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள். ஜம்புவுக்கு அது பொறுக்கவில்லை. தீபாவளிக்குள் வாசிக்க வைக்கிறேன் என்று சவால் விட்டிருந்தான். தீபாவளிக்காக இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மறுபடி வருகிறாள்.

கிங் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய படப் புத்தகம் அவனுக்கு வழி காட்டியது. அதில் ஒரு தாய் முயல், சமையலறையில் ஒரே மாதிரி டப்பாக்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தது. குட்டிகள் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டன. உங்கள் வீட்டிலும் செய்யுங்கள் என்றது கடைசிப் பக்கம்.

உடனே தாதருக்குப் போய் ஒரு டஜன் அலுமினிய டப்பா வாங்கி வந்தான். வாலாம்பாள் வருஷக்கணக்காகப் புழங்கிய நசுங்கிய தகரம், விளிம்பு உடைந்த ஜாடி எல்லாம் பரணுக்குப் போயின. தமிழில் முத்து முத்தாக எழுதி, ரேஷன் மைதாவில் பசை காய்ச்சி ஒட்டினான்.

வாலாம்பாள் தாதரில் பிறந்து, மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். முனகலும் மராத்தியில்தான் வந்தது. பழைய டப்பாவே போதும் என்றாள். முயல் வீட்டில் யாரும் முனகவில்லை என்று ஜம்பு எடுத்துச் சொன்னான்.

உப்புக் காப்பிக்குப் பிறகு, மைதிலிக்கு எட்டாதபடி டப்பாக்களை மேல் தட்டுக்கு ஏற்றினான். அன்று ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்து, பக்கத்து மேஜை அனந்தநாராயணனுக்கும் பங்கு கொடுத்தான். சாம்பார் முழுக்க மிளகாய்ப் பொடி. இருவரும் பானைத் தண்ணீரைக் காலி செய்தார்கள்.

குழந்தை ஸ்டூல் போட்டு ஏறிவிட்டது என்றாள் வாலாம்பாள். ஸ்டூல் பக்கத்து வீட்டு அகிலாண்டம் மாமியிடம் போனது. லேபிள்களைக் கிழித்து, மூன்று மடங்கு பெரிதாக, சிவப்பு மையில் எழுதி ஒட்டினான். மறுநாள் தேன்குழல் பிழிந்தது அரிசி மாவில் அல்ல, மைதாவில். கடித்தால் ஸ்லேட்டுக் குச்சி.

இனி நேரடிப் பாடம்தான் என்று முடிவு செய்தான். தினமும் சாயங்காலம் டப்பாக்களைத் தரையில் பரப்பி, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தான். மைதிலி ரெண்டாவது டப்பாவிலேயே விளையாட ஓடிவிடுவாள். வாலாம்பாள் மட்டும் கரண்டியும் கையுமாக நின்று கடைசிவரை கேட்பாள். வாத்தியார் உற்சாகம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை காப்பியில் சர்க்கரை இருந்தது. சனிக்கிழமை சாம்பார் சாம்பாராகவே இருந்தது. ஆகவே குழந்தை லேபிளை மாற்றுவதில்லை. ஆகவே அதற்குப் படிக்க வந்துவிட்டது. ஜம்பு பெருமையில் பூரித்துப்போனான்.

ஞாயிறன்று அக்காவும் அகிலாண்டம் மாமியும் பார்க்க, ஒரு டப்பாவை மைதிலியின் முன்னால் நீட்டினான்.

"இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லு?"

"மாலூம் நஹீ," தெரியாது என்று இந்தியிலேயே கைவிரித்தது குழந்தை.

அடுத்த டப்பாவுக்கும் அதே பதில். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஜம்புவுக்குத் தலை தொங்கிவிட்டது.

அப்போது வாலாம்பாள் முன்னால் வந்தாள். மிளகாய்ப் பொடி, சர்க்கரை, அரிசி மாவு என்று விரல் வைத்து, பன்னிரண்டையும் தப்பில்லாமல் வாசித்து முடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நீ எதுக்குடி வாசிக்கறே?" என்றான் ஜம்பு எரிச்சலோடு.

அகிலாண்டம் மாமி குறுக்கிட்டாள். "வாசிக்கட்டும் ஜம்பு. இனிமே நீங்க நாக்பூர் டூர்லேர்ந்து எழுதற லெட்டரை அவளே படிச்சுப்பா. ஆறு வருஷமா நான் படிச்சுக் காட்டி, பதிலும் எழுதி, எனக்கே வெக்கமாப் போச்சு."